1961 நம்முடைய வெற்றி அல்ல



நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் இரவில் ஆறுதலாக வாசியுங்கள். பாதியை வாசித்துவிட்டு முழுதுக்கும் பதில் எழுத வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வகுப்பில் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

இரண்டு கிழமையாக ஒரு வொய்ஸ் நமது வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. நான் இருப்பது பொத்துவிலில். இங்கே மூன்று பேர் எனக்கு அனுப்பினார்கள். கல்முனைப் பக்கமிருந்து ஐந்து பேர். பேசுகிறவர் யார் என்று எனக்குத் தெரியும், உங்களில் பலருக்கும் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். அவருடைய நிய்யத் கெட்டது என்றும் சொல்ல மாட்டேன். அவர் சொன்ன சரித்திரம் பிழை. அந்தப் பிழையான சரித்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்தப் பார்க்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பிள்ளை எனது ராத்தாவின் மகள். கல்முனைக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவர் ராத்தா. மகள் சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தாள். உயர்தரத்தில் உயிரியல் படிக்க ஆசை. அவளுக்கு வசதியான தூரத்தில், ஆய்வுகூடமும் இரசாயனவியலுக்கு நிரந்தர ஆசிரியரும் இருந்த பாடசாலை, கத்தோலிக்கர்கள் தொடங்கி வளர்த்த ஒரு பாடசாலை. இன்று அது அரசாங்கப் பாடசாலை. விண்ணப்பித்தார்கள், இடம் கிடைத்தது, பிள்ளை போகத் தொடங்கினாள். மூன்றாம் கிழமை மச்சானைத் தேடி வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். தேநீர் குடித்தார்கள். "வேதக்காரர்ர பள்ளிக்கூடத்துக்கு நம்மட பொம்புளப் புள்ளய அனுப்பலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்கு அடுத்த நாள்தான் அந்த வொய்ஸ் வந்தது.

வொய்ஸில் மூன்று விடயம் சொல்லப்படுகிறது. ஒன்று, கத்தோலிக்கப் பாடசாலைகள் மதம் மாற்றுவதற்காக மட்டுமே கட்டப்பட்டவை. இரண்டு, 1961இல் நமது கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத் அவற்றைப் பறித்தெடுத்து அவர்களுக்குப் பாடம் படிப்பித்தார், அது முஸ்லிம்களின் வெற்றி. மூன்று, ஆகவே நமது பிள்ளைகள் நமது பாடசாலையிலேயே இருக்க வேண்டும்.

ஒவ்வொன்றாக வருவோம்.

முதலாவதில் உண்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மிஷனரிமார் கடல் தாண்டி வந்தது கணக்கும் ஆங்கிலமும் படிப்பிக்க மட்டும் அல்ல. அவர்கள் தங்கள் மார்க்கத்தைப் பரப்ப வந்தவர்கள், அதை ஒளித்ததும் இல்லை. நமது முன்னோருக்கு அவர்கள் மீது இருந்த பயத்துக்குக் காரணமும் இருந்தது. போர்த்துக்கேயர் மேற்குக் கரையிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தினார்கள். 1626இல் கண்டி மன்னன் செனரத் அவர்களில் சுமார் 4,000 பேரை இந்த மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது நாம் மேடையில் அடிக்கடி சொல்கிற சரித்திரம். சிலுவையைக் கண்டால் நமக்கு உள்ளே ஏதோ செய்வதற்கு அந்தப் பழைய காயமும் ஒரு காரணம்.

ஆனால் அதே சரித்திரத்தின் அடுத்த பக்கத்தை யாரும் மேடையில் சொல்வதில்லை. போர்த்துக்கேயரைத் துரத்திவிட்டு ஒல்லாந்தர் வந்தார்கள். அவர்கள் கத்தோலிக்கரை வேட்டையாடினார்கள். பூசை செய்யத் தடை, குருமாருக்குத் தடை. 1687இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் என்ற குருவானவர் பிச்சைக்காரன் வேடத்தில்தான் இந்த நாட்டுக்குள் வர முடிந்தது. கடைசியில் அவருக்கு அடைக்கலம் கிடைத்ததும் கண்டியில்தான். நமக்குக் கதவு திறந்த அதே இராச்சியம், பௌத்த மன்னனின் இராச்சியம், அவர்களுக்கும் கதவு திறந்தது. துரத்தப்பட்ட இரண்டு சமூகங்கள் ஒரே வீட்டுத் திண்ணையில் ஒதுங்கியிருக்கின்றன. இதை மறந்துவிட்டு ஒருவரையொருவர் பரம்பரைப் பகையாளி என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சரி, பாடசாலைக்கு வருவோம். கிழக்கில் கத்தோலிக்கப் பாடசாலை என்றால் முதலில் வாயில் வருவது மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரி. புளியந்தீவில், மரியாள் பேராலயத்துக்குப் பக்கத்தில். அந்தக் கல்லூரி தனது தொடக்கத்தை 1873 என்று கணக்கு வைக்கிறது. 2023இல் 150 ஆண்டு நிறைந்தது. கோயிலடியில் தொடங்கிய பள்ளிக்கூடம்தான். பிறகு பிரான்சிலிருந்து வந்த யேசுசபைத் துறவிகள் கையில் வளர்ந்தது. அதற்குப் பிறகு அமெரிக்காவின் லூசியானாப் பக்கமிருந்து யேசுசபையினர் வந்தார்கள்.

மதம் மாற்ற மட்டுமே கட்டிய தொழிற்சாலை என்றால், அந்தத் தொழிற்சாலையின் மிகப் பெரிய உற்பத்தி யார் என்று பாருங்கள்.

காரைதீவு. கல்முனையிலிருந்து ஒரு நடை தூரம். அங்கே 1892இல் மயில்வாகனம் என்று ஒரு பிள்ளை பிறந்தது. கல்முனையில் மெதடிஸ்தரின் பாடசாலையில் படித்தது. பிறகு மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரிக்குப் போனது. பொனல் அடிகளார் போன்ற பிரெஞ்சுக் குருமார் அந்தப் பிள்ளைக்குக் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பித்தார்கள். 16 வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தி. பிறகு அதே கல்லூரியில் ஆசிரியராக வைத்துக்கொண்டார்கள். பின்னாளில் யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் விஞ்ஞானம் படிப்பித்தார். அதுவும் கத்தோலிக்கக் கல்லூரி.

இத்தனை ஆண்டு மெதடிஸ்தர், கத்தோலிக்கர் கையில் இருந்த அந்த மயில்வாகனம் என்ன ஆனார்? பாதிரியார் ஆனாரா? 1924இல் காவி உடுத்து சுவாமி விபுலானந்தர் ஆனார். இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை நடத்தினார். 1929இல் மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர். 1947இல் யாழ் நூல்.

தனது மாணவன் இன்னொரு மார்க்கத்தின் துறவியாகப் போனதற்காகப் புனித மிக்கேல் கல்லூரி அவரைத் தனது பட்டியலிலிருந்து வெட்டவில்லை. இன்றும் பெருமையோடு சொல்கிறது.

இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன். கோபப்படாமல் யோசியுங்கள். நமது முஸ்லிம் பாடசாலை ஒன்றில் ஒரு காரைதீவுப் பிள்ளை படித்து, நமது ஆசிரியர் அந்தப் பிள்ளையைத் தட்டிக்கொடுத்து வளர்த்து, நாளை அந்தப் பிள்ளை இந்துத் துறவியாகி உலகப் புகழ் பெற்றால், நமது பழைய மாணவர் சங்கம் அவருக்கு மாலை போடுமா? அதற்கு முதல், அப்படி ஒரு பிள்ளை நமது பாடசாலைக்குள் வர நாம் கதவு திறந்து வைத்திருக்கிறோமா?

இரண்டாவது விடயம். 1961.

இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நமது இளைஞர்களுக்கு இந்தச் சட்டத்தின் பெயரும் தெரியாது. 1960இன் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளின் முகாமையைப் பொறுப்பேற்றது. 1961இன் 8ஆம் இலக்கச் சட்டத்தால் அவற்றின் சொத்துக்களையும் எடுத்துக்கொண்டது. பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க. கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத்.

அந்தச் சட்டத்தில் நியாயம் இருந்ததா? இருந்தது. நான் ஓர் அரசாங்க ஆசிரியர், எனது சம்பளம் மக்களின் வரிப்பணம். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்த பிறகு, உதவி பெறும் பாடசாலைகளில் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுத்தது. ஆனால் யாரை ஆசிரியராக எடுப்பது, யாரைச் சேர்ப்பது என்பதைத் தீர்மானித்தது சபைகளின் முகாமையாளர்கள். காசு பொதுக் காசு, அதிகாரம் ஒரு சபைக்கு. இது நெடுநாள் நிலைக்கக்கூடிய ஏற்பாடு அல்ல. நல்ல பாடசாலைகள் பெரும்பாலும் நகரத்தில், மிஷனரிமார் கையில். நாட்டுப்புறத்தில் ஒன்றும் இல்லை. இதைச் சரிசெய்ய வேண்டும் என்று கேட்டது தவறே அல்ல.

பதியுதீன் மஹ்மூத் அவர்களுக்கு நாம் கடமைப்பட்டவர்கள் என்பதையும் நான் மறுக்கவில்லை. கம்பளை ஸாஹிறாவின் ஸ்தாபக அதிபர் அவர். 1970க்குப் பிறகு அவரது இரண்டாவது காலத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்குக் கிடைத்த கவனிப்பு அதற்கு முன் கிடைத்ததில்லை. கல்முனையில் மஹ்மூத் மகளிர் கல்லூரி அவரது பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. எனது ராத்தாவும் படித்தவர் அங்கேதான். அல்லாஹ் அவருக்கு நற்கூலி கொடுக்கட்டும்.

ஆனால் "முஸ்லிம் அமைச்சர் கத்தோலிக்கரிடமிருந்து பறித்தார், அது நமது வெற்றி" என்பது மூன்று வகையில் பொய்.

முதலாவது, அது ஒரு முஸ்லிம் அமைச்சரின் தனித் திட்டம் அல்ல. ஆளும் கட்சியின் கொள்கை. பௌத்த அமைப்புகள் பல வருடம் கேட்டு வந்த கோரிக்கை. இடதுசாரிகளும் ஆதரித்தார்கள். சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் முஸ்லிம் என்பதற்காக முழுச் சட்டத்தையும் நமது தலைப்பாகையில் குத்திக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டாவது, பறிபோனது கத்தோலிக்கப் பாடசாலை மட்டும் அல்ல. கிழக்கில் விபுலானந்த அடிகள் இரத்தமும் வியர்வையுமாக வளர்த்த இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளும் அரசாங்கத்திடம் போயின. பௌத்த சபைகளின் பாடசாலைகளும் போயின. அதே 1961இல்தான் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் 13 வருடம் அதிபராக இருந்து பொற்காலமாக்கிய கொழும்பு ஸாஹிறாவை விட்டு விலகினார். வெற்றி என்றால் அந்த மனிதரின் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, இன்னொரு சமூகம் தனது பிள்ளைகளுக்காகக் கல்லடுக்கிக் கட்டியதை இழந்து அழுத நாளை நாம் பெருநாளாகக் கொண்டாடக் கூடாது. அந்த நாட்களில் கத்தோலிக்கப் பெற்றோர் நாடு முழுக்கப் பாடசாலைகளுக்குள் புகுந்து குந்தியிருந்தார்கள். தாய்மார் வகுப்பறையில் சமைத்துப் படுத்தார்கள். பம்பாயிலிருந்து கர்தினால் கிராசியஸ் வந்து பேசி, 1961 ஜனவரியில்தான் அது தணிந்தது. சட்டம் சரியோ பிழையோ, அது ஒரு தாயின் வேதனை. நாளை நமது பள்ளிவாசல் காணியில் நமது வாப்பாமார் மீன் விற்ற காசில் கட்டிய பாடசாலையை அரசாங்கம் எழுதி எடுத்தால் நாம் என்ன செய்வோம்?

1961இல் அரசாங்கம் சொன்னது என்ன? பாடசாலை எந்தச் சபைக்கும் சொந்தமல்ல, பொதுமக்களுக்குச் சொந்தம். நல்ல வாக்கியம். பிறகு நடந்தது என்ன? சிங்களப் பாடசாலை, தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்று அரசாங்கமே பிரித்து எழுதியது. சபையின் வேலியைப் பிடுங்கிவிட்டு இனத்தின் வேலியைப் போட்டார்கள். நாமும் கைதட்டினோம். நோன்புக்கு லீவு கிடைத்தது, நமது ஆசிரியருக்கு நியமனம் கிடைத்தது, நமது அதிபர் கிடைத்தார். இவையெல்லாம் தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் போட்ட வேலிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாமல் போய்விட்டது. எனது உம்மாவுக்குத் தமிழ்க் கூட்டாளிகள் இருந்தார்கள். எனக்கு இரண்டு பேர். எனது மாணவர்களுக்கு ஒருவரும் இல்லை. பக்கத்து ஊர்ப் பிள்ளையை அவர்கள் முதன்முதலாக முகத்துக்கு முகம் பார்ப்பது ரியூஷன் வகுப்பில், அல்லது பல்கலைக்கழகத்தில், அல்லது கலவரத்தில்.

கல்முனையைப் பாருங்கள். ஒரு நகரம். அதற்குள் ஒரு பிரதேச செயலகத்தை எப்படிப் பிரிப்பது என்று 2019இல் உண்ணாவிரதம், எதிர் ஆர்ப்பாட்டம். யார் பக்கம் நியாயம் என்று இங்கே பேச வரவில்லை. அந்தப் பந்தலில் இருந்தவர்களும் எதிரில் நின்றவர்களும் ஒரே வயதுக்காரர்கள், ஒரே சந்தையில் மீன் வாங்குகிறவர்கள், ஒரே தமிழைப் பேசுகிறவர்கள். ஒரு நாள்கூட ஒரே வாங்கில் இருந்து படிக்காதவர்கள்.

மூன்றாவது விடயம். நமது பிள்ளை நமது பாடசாலையிலேயே இருக்க வேண்டும்.

நமது சமூகம் ஒருமுறை இதைச் செய்து பார்த்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கல்வி என்றால் மிஷன் பாடசாலை. ஈமான் போய்விடும் என்று பயந்து பிள்ளைகளைப் பிடித்து வைத்தோம். பயம் நியாயமானது, விலை பெரியது. மற்றச் சமூகங்கள் சட்டத்தரணியும் வைத்தியரும் எழுதுவினைஞரும் ஆனபோது நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். அறிஞர் சித்தி லெப்பை இதைக் கண்டு கொதித்தார். 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கி எழுதினார். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷாவும் சேர்ந்துகொண்டார். 1892இல் மருதானையில் பிற்காலத்து ஸாஹிறா உருவானது. சித்தி லெப்பை "அங்கே போகாதே" என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் குந்தியிருக்கவில்லை. மாற்று வழியைக் கட்டிக் காட்டினார். வீட்டுக்கு வந்து தேநீர் குடித்த இரண்டு பேரிடமும் நான் கேட்கிறேன்: எனது மருமகளுக்கு நீங்கள் கட்டிவைத்த ஆய்வுகூடம் எங்கே?

இன்னும் ஒன்று. கல்முனை முஸ்லிம்களின் கல்வி எழுச்சியைப் பற்றிப் பேசினால் 1942ஐப் பேசாமல் முடியாது. யுத்த காலம். கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக ஓர் இளைஞர் வந்தார். இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம், அதே ஏ.எம்.ஏ. அஸீஸ். நெல் விளைவிக்க அனுப்பப்பட்டவர், வந்த இடத்தில் நமது பிள்ளைகளின் நிலையைப் பார்த்தார். அந்த வருடமே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். 1945இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தை நிறுவினார். எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் அதனால் பல்கலைக்கழகம் கண்டார்கள்.

அந்த அஸீஸ் படித்தது எங்கே? யாழ்ப்பாணம் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும். விபூதி பூசிய ஆசிரியர்களிடம் படித்தார். ஈமான் போனதா? நமது சமூகத்துக்கு இருபதாம் நூற்றாண்டில் கிடைத்த மிகச் சிறந்த கல்விமான்களில் ஒருவர் அவர். அவரது வாப்பாவின் வீட்டுக்கு இரண்டு பேர் போய்த் தேநீர் குடித்து அந்தப் பிள்ளையைத் தடுத்திருந்தால், கல்முனையில் உங்களுக்கும் எனக்கும் என்ன கிடைத்திருக்கும்?

மார்க்கம் என்ன சொல்கிறது என்று வொய்ஸில் கேட்கிறார்கள். நான் மௌலவி அல்ல. ஆனால் சீறாவில் சின்ன வயதில் படித்தது நினைவிருக்கிறது. பத்ருப் போரில் பிடிபட்ட குறைஷிக் கைதிகளில் எழுத வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு மீட்புப் பணம் என்ன? ஆளுக்குப் பத்து மதீனாப் பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பித்துக் கொடுப்பது. நேற்று வாள் தூக்கி வந்தவன், சிலை வணங்கி, இன்று முஸ்லிம் பிள்ளைக்கு ஆசிரியர். ரசூலுல்லாஹ்வுக்கு இல்லாத பயம் நமக்கு எங்கிருந்து வந்தது?

இனி, கஷ்டமான பகுதி. இதை எழுதாமல் விட்டால் நான் எழுதியதெல்லாம் பாதி உண்மை.

1990 ஓகஸ்ட். நமக்கு அந்த மாதம் என்றால் காத்தான்குடிப் பள்ளிவாசல், ஏறாவூர். தொழுதுகொண்டிருந்தவர்களையும் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளையும் கொன்றார்கள். அந்த ஷுஹதாக்களை நாம் ஒவ்வொரு வருடமும் நினைக்கிறோம், நினைக்கவும் வேண்டும். அதே மாதம் 15ஆம் திகதி, புனித மிக்கேல் கல்லூரியில் பல வருடம் படிப்பித்து, கூடைப்பந்து பயிற்றுவித்த யூஜின் ஹேபேர்ட் என்ற அமெரிக்க யேசுசபைக் குருவானவர் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டார். அறுபதைத் தாண்டிய மனிதர். 1948இல் இந்த நாட்டுக்கு வந்தவர். கூட ஒரு தமிழ் இளைஞர். இடையில் ஏறாவூர்ப் பக்கம். அவர்கள் வீடு வந்து சேரவில்லை. இன்றுவரை உடலும் இல்லை, பதிலும் இல்லை.

யார் செய்தது என்று நான் தீர்ப்பெழுத மாட்டேன். ஆனால் நமது பக்கத்தில் அந்தப் பெயரை உச்சரிக்கிற ஒருவரையும் நான் கண்டதில்லை. நமது இழப்புக்கு நீதி கேட்கிற வாயால் அந்த இழப்புக்கும் நீதி கேட்டால்தான் நமது நீதிக்கு எடை இருக்கும்.

பிறகு 2019. உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பில் சியோன் தேவாலயம். ஐந்து நாளில், ஏப்ரல் 26, சாய்ந்தமருதில் குண்டு வெடித்த சத்தம் நமது ஊர்களுக்கே கேட்டது. அவர்கள் நமது பெயரைத் தாங்கியவர்கள். "அவர்கள் நம்மவர் அல்ல" என்று நாம் சொன்னோம், உண்மையாகத்தான் சொன்னோம். அதற்குப் பிறகு ஒரு கத்தோலிக்கப் பின்னணியுள்ள பாடசாலை, பர்தாவோடு வந்த எனது மருமகளின் விண்ணப்பத்தைப் பார்த்து, பெறுபேற்றை மட்டும் பார்த்து, இடம் கொடுத்திருக்கிறது. அந்த அதிபருக்கு மறுக்க ஆயிரம் சாட்டு இருந்தது. அவர் ஒன்றையும் எடுக்கவில்லை. அந்தக் கதவை உள்ளிருந்து அவர்கள் மூடவில்லை. வெளியிலிருந்து நாம் மூடப் பார்க்கிறோம்.

"அவர்கள் எல்லாம் நல்லவர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. பர்தா விடயத்தில் நமது பிள்ளைகளை அலைக்கழித்த பாடசாலைகள் இந்த நாட்டில் இருக்கின்றன. 2018இல் திருகோணமலை சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் நமது ஆசிரியைகளின் அபாயாவுக்கு எதிராக ஆர்ப்பாட்டம் நடந்தபோது நானும் கோபத்தோடு பதிவு போட்டவன். அப்போது நாம் சொன்ன வாதம் என்ன? பாடசாலை அரசாங்கத்துடையது, சம்பளம் அரசாங்கத்துடையது, ஸ்தாபித்த சமூகத்தின் கலாசாரத்தைக் காட்டி ஓர் ஆசிரியையின் உடையைத் தீர்மானிக்க முடியாது. சரியான வாதம். இன்றும் அதில் நிற்கிறேன்.

அந்த முழக்கோலை இப்போது நமது பக்கம் திருப்புவோம். ஒரு தமிழ் ஆசிரியை பொட்டு வைத்து, பூச் சூடி, நமது பாடசாலைக்கு இடமாற்றம் பெற்று வருகிறார். ஆசிரியர் ஓய்வறையில் என்ன பேச்சு நடக்கும்? "கொஞ்சம் மூடிக்கொண்டு வந்தால் நல்லது டீச்சர்" என்று யாராவது "அன்பாக" சொல்ல மாட்டோமா? எனது தொழிலில் இருக்கிறவர்கள் நெஞ்சில் கை வைத்துப் பதில் சொல்லுங்கள். திருகோணமலையில் அநியாயம் என்றால் அம்பாறைக் கரையிலும் அது அநியாயம்தான்.

நான் இருக்கிற இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறுகம்பேக்கு, நமது உல்லைக்கு, உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆள் வருகிறது. அலை சறுக்க வருகிறவனிடம் நாம் மதம் கேட்பதில்லை. அறை கொடுக்கிறோம், ரொட்டி சுட்டுக் கொடுக்கிறோம், ஆட்டோவில் ஏற்றுகிறோம். அவன் எந்தக் கடவுளைக் கும்பிட்டாலும் டொலர் நமக்கு ஹலால். ஆனால் பக்கத்து ஊர் வேதக்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில் நமது பிள்ளை வாங்கில் இருந்தால் மட்டும் ஈமான் ஆடிவிடுமா? நமது பிள்ளையின் ஈமான் அவ்வளவு இலேசு என்றால், அதற்குப் பொறுப்பு நமது வீடும் நமது மத்ரசாவும்.

2004 டிசம்பர் 26ஐ நினைத்துப் பாருங்கள். இந்த நாட்டிலேயே அதிக உயிர் போனது நமது அம்பாறை மாவட்டத்தில். அந்த இரவு கோயிலா, பள்ளிவாசலா, பள்ளிக்கூடமா என்று யாரும் பெயர்ப் பலகை வாசிக்கவில்லை. கூரை இருந்தால் ஏறினோம். கடல் வந்தால்தான் நமக்கு இந்தப் புத்தி வருமா?

முடிக்கிறேன். வெறும் பேச்சாக விடக் கூடாது என்பதற்காக மூன்று விடயம் கேட்கிறேன்.

ஒன்று, அந்த வொய்ஸை அனுப்புவதை நிறுத்துங்கள். எனது ராத்தா வீட்டுக்கு இனி யாராவது வருவதென்றால் தேநீர் உண்டு, தாராளமாக வாருங்கள். வரும்போது ஒரு பரீட்சைக் கடதாசித் தொகுப்பையாவது கொண்டு வாருங்கள்.

இரண்டு, பெண் பிள்ளைகளுக்கு நமது பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு வேண்டும் என்றால் அதைக் கேட்க வலயக் கல்விப் பணிமனை இருக்கிறது, மாகாணக் கல்வித் திணைக்களம் இருக்கிறது. நானும் வருகிறேன். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் சுற்றுமதிலுக்குப் பெயின்ற் அடிக்கிற செலவைத் தள்ளிவைத்து, ஆய்வுகூடத்தைப் பற்றி முதலில் பேசுவோம்.

மூன்று, இதுதான் எனக்கு முக்கியம். நமது கல்லூரி ஒன்று, ஒன்றே ஒன்று, அடுத்த வருடம் உயர்தரத்துக்குப் பக்கத்து ஊர்த் தமிழ்ப் பிள்ளைகள் பத்துப் பேரை வரவேற்றுச் சேர்க்கட்டும். அவர்களின் உடையில் கை வைக்காமல், அவர்களின் சமய பாடத்துக்கு ஓர் ஆசிரியரைக் கேட்டு எடுத்து, மதிப்போடு படிப்பிக்கட்டும். அந்தப் பத்தில் ஒருவர் நாளை பாதிரியார் ஆகட்டும், சுவாமியார் ஆகட்டும். அவருக்கு நமது மண்டபத்தில் நாம் மாலை போடுகிற நாளில் நான் ஒத்துக்கொள்கிறேன், நாமும் பாடசாலை கட்டத் தெரிந்த சமூகம் என்று.

மருமகள் நேற்றும் பாடசாலைக்குப் போனாள். இன்றும் போயிருக்கிறாள். மச்சான் நல்ல மனிதர், ஆனால் ஊருக்குப் பயந்தவர். நாளைக்கும் அவள் போவாளா இல்லையா என்பது அவர் கையில் மட்டும் இல்லை, இதை வாசிக்கிற உங்கள் கையிலும் இருக்கிறது. அவருக்கு ஒரு கோல் எடுத்து "பிள்ளை படிக்கட்டும் மச்சான்" என்று பத்துப் பேர் சொன்னால் போதும்.

மாற்றுக் கருத்துள்ளவர்கள் கீழே எழுதுங்கள். திகதியும் ஆதாரமும் வைத்து எழுதினால் பிழையைத் திருத்திக்கொள்வேன். ஏசுகிறவர்கள் இன்பொக்ஸில் ஏசுங்கள், எனது மாணவர்களும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள்.

அல்லாஹ் நமது பிள்ளைகளுக்குப் பயன் தரும் கல்வியைக் கொடுப்பானாக. வஸ்ஸலாம்.